ரானிடிடினில் இருந்ததும் சோதனையில் உருவானதும்

நெஞ்செரிச்சல் என்று மருந்துக்கடையில் போய் நின்றால், மருத்துவர் சீட்டுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்த மாத்திரை ரானிடிடின். 2019 செப்டம்பரில் அந்த மாத்திரையில் என்டிஎம்ஏ என்ற நைட்ரோசமீன் இருக்கிறது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவித்தது. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளதாக வகைப்படுத்தப்பட்ட பொருள் அது. ஒரு நாளைக்கு ஒருவர் உடலில் சேரலாம் என்று வகுக்கப்பட்டிருக்கும் வரம்பு 96 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). முதலில் எச்சரிக்கை எழுப்பிய தனியார் ஆய்வகமோ, ஒரே மாத்திரையில் லட்சக்கணக்கான நானோகிராம் இருப்பதாகத் தன் மனுவில் சொல்லியிருந்தது.

அந்த எண் எப்படி வந்தது என்பதில்தான் பகுப்பாய்வு வேதியியலின் மையமான சிக்கல் இருக்கிறது. அவர்கள் பயன்படுத்தியது, கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயு வண்ணப்பிரிகை முறை. அதில் மாதிரியை ஒரு மூடிய குப்பியில் 130 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, மேலெழும் ஆவியைக் கருவிக்குள் செலுத்துவார்கள். ரானிடிடின் மூலக்கூறின் ஒரு முனையில் டைமெத்தில்அமினோ தொகுதியும் மறுமுனையில் நைட்ரோ தொகுதியும் இருக்கின்றன; அதாவது என்டிஎம்ஏ உருவாகத் தேவையான இரண்டு பகுதிகளும் மருந்துக்குள்ளேயே இருக்கின்றன. சூடு ஏறியதும் மூலக்கூறு சிதைந்து, குப்பிக்குள்ளேயே நஞ்சு உருவாகிவிடுகிறது. மாத்திரையில் இருந்தது எவ்வளவு, சோதனையில் உருவானது எவ்வளவு என்று அந்த எண்ணைப் பார்த்துப் பிரித்தறிய வழியே இல்லை. ஆகவே அமெரிக்க நிர்வாகம் சூடாக்கத் தேவையில்லாத திரவ வண்ணப்பிரிகையை, மூலக்கூறுகளின் நிறையை மிக நுட்பமாக அளக்கும் உயர்பகுதிறன் நிறை நிறமாலைமானியுடன் இணைத்து மறுபடியும் அளக்கச் சொன்னது. எண் மிகப் பெரிய அளவில் இறங்கியது. ஆனாலும் சில மாதிரிகள் வரம்பைத் தாண்டியே நின்றன; மேலும் அறை வெப்பத்தில் வைத்திருக்க வைத்திருக்க, சற்று வெப்பம் கூடிய இடத்தில் இன்னும் வேகமாக, மாத்திரையிலேயே என்டிஎம்ஏ பெருகுகிறது என்பதும் தெரியவந்தது. 2020 ஏப்ரலில் ரானிடிடினை அமெரிக்கச் சந்தையிலிருந்து முழுவதும் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொண்டார்கள். முதல் எண் தவறு. அதற்குப் பின்னால் இருந்த அச்சம் சரி.

மருந்துகளைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் வண்ணப்பிரிகைக் கருவிகளோடு வேலை செய்பவன் என்ற முறையில், இந்த நிகழ்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. நானோகிராம், பிக்கோகிராம் என்று எவ்வளவு சிறிய அளவையும் காட்டிவிடும் கருவிகள் வந்துவிட்டன என்பதே இன்று செய்தியாகிறது. ஆனால் கருவியின் நுண்ணுணர்வு கூடக்கூட, அளக்கும் செயலே உண்டாக்கும் பொய்யையும் அது அதே நுண்ணுணர்வோடு காட்டும். மாதிரியைச் சிதைக்காமல், அதில் எதையும் சேர்க்காமல், எதையும் இழக்காமல், ஒன்றை மற்றொன்று என்று மயங்காமல் பிரித்தெடுக்கும் கலைதான் இந்தத் துறையின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம். கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் வண்ணப்பிரிகையிலும் நானோ தொழில்நுட்பத்திலும் நடந்த முன்னேற்றங்களை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கும்போதுதான் அவற்றின் பெருமை எனக்கு முழுதாகப் புலப்படுகிறது.

சிதைக்காமல் பிரிப்பது என்ற கவலை இந்த முறையோடு சேர்ந்தே பிறந்தது. மிகயீல் ஸ்வெட் இத்தாலியின் ஆஸ்தி நகரில் 1872-ல் பிறந்த ரஷ்யத் தாவரவியலாளர். 1903 மார்ச்சில் வார்சாவில் இயற்கை அறிவியலாளர் கழகத்தின் முன் அவர் தம் முறையை முதன்முதலில் விளக்கினார். பச்சை இலைகளின் சாற்றைப் பெட்ரோலியம் ஈதர் போன்ற ஒரு கரைப்பானில் எடுத்து, தூளாக்கிய சுண்ணாம்பு அடைத்த மெல்லிய கண்ணாடிக் குழலின் வழியே கீழே இறக்கினால், ஒரே பச்சையாகத் தெரிந்த சாறு மஞ்சளும் நீலப்பச்சையும் மஞ்சட்பச்சையுமான பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். இரண்டு வகைப் பச்சையங்களும் பல மஞ்சள் நிறமிகளும் ஒன்றுக்கொன்று சேதமின்றித் தனித்தனியே கிடைத்தன. 1906-ல் ஜெர்மன் தாவரவியல் இதழில் அவர் இதற்குக் குரோமட்டோகிராபி, அதாவது வண்ணப்பிரிகை, என்று பெயரிட்டு எழுதினார்.

அக்காலத்தில் பச்சையம் பற்றிய ஆய்வில் பெரும்புகழ் பெற்றிருந்தவர் ரிச்சர்டு வில்ஸ்டேட்டர். 1915-ல் அதற்காகவே நோபல் பரிசு பெற்றவர். அவரும் அவருடைய மாணவரும் ஸ்வெட்டின் முறையைச் செய்து பார்த்தார்கள். ஆனால் கடுமையான உறிஞ்சுபொருள்களைத் தவிர்க்க வேண்டும் என்று ஸ்வெட் கூறியிருந்ததைக் கவனிக்காமல் செய்ததால், குழலுக்குள்ளேயே பச்சையம் சிதைந்தது. முறையே நம்பத்தகாதது என்ற எண்ணம் வேதியியலாளரிடையே வேரூன்றியது. 1919-ல் வொரோனெஷ் நகரில் ஸ்வெட் இறந்தபோது அவருடைய முறையைச் சொந்தமாக்கிக்கொண்டவர்கள் மிகச் சிலரே. 1931-ல் ஹைடல்பெர்க்கில் ரிச்சர்டு கூன், எட்கர் லெடரர் ஆகியோர் கரோட்டின்களைப் பிரிக்க அதை மீண்டும் கையில் எடுக்கும்வரை ஏறக்குறைய கால் நூற்றாண்டு வீணாயிற்று. குழலில் அடைத்த தூள் பச்சையத்தைச் சிதைத்ததும், 130 டிகிரிச் சூடு ரானிடிடினைச் சிதைத்ததும் ஒரே வகைப் பிழை. முதலாவதில் நல்ல முறை பழி சுமந்தது. இரண்டாவதில் பொய்யான எண் உலகெங்கும் தலைப்புச் செய்தியானது.

வண்ணப்பிரிகையில் இரண்டு நிலைமைகள் உண்டு. ஒன்று குழலுக்குள் அசையாமல் இருப்பது, மற்றொன்று அதனூடே நகர்ந்து செல்வது. கலவையிலுள்ள ஒவ்வொரு பொருளும் இவ்விரண்டிற்கும் இடையே மாறி மாறிப் பங்கிட்டுக்கொண்டே பயணிக்கிறது. நிலையான நிலைமையோடு அதிகம் ஒட்டுவது பின்தங்கும். நகரும் நிலைமையை விரும்புவது முந்திச் செல்லும். இந்தப் பங்கீட்டை முறையான கோட்பாடாக்கியவர்கள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழில் ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்டு சிங்கும். கம்பளிப் புரதத்தின் அமினோ அமிலங்களைப் பிரிக்க வேண்டும் என்பதே அவர்களுக்கு முன்னிருந்த வேலை. 1941-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையைப் படிக்கும் எவரும் வியக்காமல் இருக்க முடியாது. நகரும் நிலைமையாக வாயுவையும் பயன்படுத்தலாம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். மிகச் சிறிய துகள்களும் அதிக அழுத்தமும் இருந்தால் பிரிப்பு மிகச் சிறக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். முதல் கூற்றை மார்ட்டினே 1952-ல் ஜேம்ஸ் என்பவரோடு சேர்ந்து நிறைவேற்றினார். அதே ஆண்டு மார்ட்டினுக்கும் சிங்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது கூற்றை முழுமையாக நிறைவேற்ற அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஏன் அவ்வளவு காலம்? குழலில் ஒரு பொருள் குறுகிய பட்டையாகப் புகுந்து, போகப்போக அகன்றுகொண்டே போகிறது. அகன்ற பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மறைத்துவிடும். 1956-ல் நெதர்லாந்தின் வான் டீம்டர் குழுவினர் இந்த அகற்சிக்கு மூன்று காரணங்களைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்: துகள்களைச் சுற்றிப் போகும் பாதைகள் ஒரே நீளமாக இல்லாதது, மூலக்கூறுகள் தாமாகவே பரவுவது, துகளுக்குள் போய்த் திரும்ப நேரம் எடுத்துக்கொள்வது. துகளைச் சிறிதாக்கினால் முதலும் மூன்றாவதும் குறையும். ஆனால் துகளின் விட்டத்தை மூன்றில் ஒரு பங்காக்கினால், அதே வேகத்தில் கரைப்பானைத் தள்ளத் தேவையான அழுத்தம் ஒன்பது மடங்காகும். 1970-களில் துகள்கள் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிறகு 5, பிறகு 3. சாதாரணக் கருவிகள் 400 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 400 மடங்கு, அழுத்தத்துக்கு மேல் தாங்கவில்லை. 1997-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஜேம்ஸ் ஜோர்கன்சன் குழுவினர் அதைவிடப் பன்மடங்கு அழுத்தத்தில் ஒன்றரை மைக்ரான் துகள்களை ஓட்டிக் காட்டினார்கள். 2004-ல்தான் 1.7 மைக்ரான் துகள்களோடு 1000 பார் அழுத்தத்தில் ஓடும் கருவி விற்பனைக்கு வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அழுத்தத்தோடு மல்லுக்கட்டாமல் வேறு வழி கண்ட ஜாக் கிர்க்லாந்தின் வேலை. 2006-ல் அவர் கொண்டுவந்த துகள் 2.7 மைக்ரான், அதன் உள்ளே 1.7 மைக்ரான் அளவுக்குத் துளையே இல்லாத கெட்டியான உருண்டை; அதைச் சுற்றி அரை மைக்ரான் தடிமனுக்கு மட்டும் நுண்துளைகள் கொண்ட ஓடு. மூலக்கூறு துகளின் ஆழம்வரை போய்த் தொலைந்து திரும்பத் தேவையில்லை. ஓட்டுக்குள் போய் உடனே வெளியே வந்துவிடும். பழைய கருவியிலேயே ஏறக்குறைய புதிய கருவியின் பிரிப்பு கிடைத்தது. விலையுயர்ந்த புதிய கருவி வாங்க முடியாத ஆய்வகங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

நானோ தொழில்நுட்பம் என்பது வண்ணப்பிரிகைக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஒன்று என்பது போலப் பலர் எழுதுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. குழலில் அடைத்திருக்கும் சிலிக்காத் துகளை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் மைக்ரான் கணக்கில் இருந்தாலும், பிரிப்பு நடப்பது அதனுள் உள்ள, ஏறத்தாழ 10 நானோமீட்டர் அகலமுள்ள நுண்துளைகளின் சுவரில். அச்சுவரில் 18 கார்பன்கள் கொண்ட சங்கிலிகளை வேதிப்பிணைப்பால் பொருத்தியிருக்கிறார்கள். அந்தப் படலத்தின் தடிமன் இரண்டு நானோமீட்டரைக்கூட எட்டாது. இத்தகைய சிலிக்காவில் ஒரு கிராமுக்குச் சுமார் 300 சதுர மீட்டர் பரப்பு உண்டு. 15 சென்டிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் உள்விட்டமும் உடைய ஒரு குழலில் ஒன்றரை கிராம் அளவு சிலிக்கா இருக்கும் என்று கொண்டால், உள்ளங்கையில் அடங்கும் அந்த எஃகுக் குழாய்க்குள் பத்து சென்ட் மனைக்கு மேற்பட்ட பரப்பு அடங்கியிருக்கிறது. நானோ என்ற சொல் எங்கும் ஒலிக்கத் தொடங்குவதற்கு முன்பே, நானோமீட்டர் அளவில் பரப்புகளை வடிவமைக்கும் வேலையை இத்துறையினர் அமைதியாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

அண்மைக் காலத்தில் மாறியிருப்பது, அந்த வடிவமைப்பின் மீதான கட்டுப்பாடு. பெல்ஜியத்தின் பிரசல்ஸில் கெர்ட் டெஸ்மெட் குழுவினர், கணினிச் சில்லுகளைச் செதுக்கும் அதே ஒளிப்பொறிப்பு முறையில், சிலிக்கான் தட்டின் மேல் சில மைக்ரான் அளவுள்ள தூண்களைச் சரிசமமான இடைவெளியில் நிறுத்திப் பிரிகைப் பாதையை உருவாக்கினார்கள். தூளை அடைக்கும்போது தவிர்க்கவே முடியாத ஒழுங்கின்மை இதில் இல்லை. எல்லாப் பாதைகளும் ஏறக்குறைய ஒரே நீளம். வான் டீம்டர் சொன்ன முதல் காரணத்தையே பெரும்பாலும் நீக்கிவிடும் முயற்சி இது. ஒரு செல்லிலுள்ள புரதங்களைப் பிரிக்க முயல்வோருக்கு இவ்வகைக் குழல்கள் இப்போதே பயன்படுகின்றன. உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்த நுண்துளைப் பொருள்களான, 2025-ல் நோபல் பரிசு பெற்ற உலோக-கரிமச் சட்டகங்களையும் சிலர் நிலையான நிலைமையாக அடைத்து, சைலீன் என்ற கரைப்பானின் ஒன்றுபோலவே தோன்றும் வகைகளைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அது அன்றாட வேலைக்கு வர இன்னும் காலம் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

இவற்றைவிட எளிமையானதாகத் தோன்றினாலும் எனக்கு முக்கியமாகப் படுவது, எஃகின் மேல் பூசப்படும் மெல்லிய படலம். ஆர்என்ஏ தடுப்பூசிகளும் நியூக்ளிக் அமில மருந்துகளும் பெருகியபின், பாஸ்பேட் தொகுதிகள் நிறைந்த மூலக்கூறுகளை அளக்க வேண்டிய தேவை கூடியது. இந்த பாஸ்பேட்டுகள் எஃகுக் குழலின் உட்சுவரிலுள்ள இரும்பு ஆக்சைடில் போய் ஒட்டிக்கொள்கின்றன. முதல் சில முறை செலுத்தும்போது முகடு, அதாவது பொருள் வந்ததைத் திரையில் காட்டும் மேடு, ஏறத்தாழ வராமலே போகும்; செலுத்திக்கொண்டே இருந்தால் சுவர் நிறைந்து, பிறகு மெல்ல மெல்ல வரும். அதுவரை வந்த எண்களுக்கு என்ன பொருள்? பொருள் இருந்தது, கருவி விழுங்கிவிட்டது என்பதுதான். இப்போது எஃகின் மேல் கரிமமும் சிலிக்காவும் கலந்த ஒரு மெல்லிய படலத்தைப் படியவைத்து உலோகத்தை மறைத்துவிடுகிறார்கள். முதல் செலுத்தலிலேயே முழு முகடு கிடைக்கிறது.

கருவி விழுங்குவது ஒருபுறம் இருக்க, கருவியே சேர்ப்பதும் உண்டு. ஒட்டாத தவாக்களிலும் நீர் புகாத துணிகளிலும் பயன்பட்ட புளோரின் சேர்மங்கள் இன்று உலகெங்கும் குடிநீரில் தேடப்படுகின்றன. அவற்றுள் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் ஆகிய இரண்டுக்கும் 2024-ல் அமெரிக்கா வகுத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். இதை அளக்கும் திரவ வண்ணப்பிரிகைக் கருவியின் உள்ளே கரைப்பான் ஓடும் குழாய்களும் அடைப்பான்களும் பல இடங்களில் டெஃப்லான் என்ற, புளோரின் சேர்ந்த பிளாஸ்டிக்கால் ஆனவை. தூய நீரையே செலுத்தினாலும் திரையில் ஒரு முகடு எழும். தேடும் பொருள் எந்த நேரத்தில் வர வேண்டுமோ சரியாக அந்த நேரத்தில் எழும். கருவியிலிருந்து கசிந்தது அது.

இதற்கு இத்துறையினர் கண்ட தீர்வு அழகானது. டெஃப்லான் குழாய்களை முடிந்தவரை மாற்றுவதோடு, கரைப்பானைத் தள்ளும் பம்புக்கும் மாதிரி உள்ளே நுழையும் இடத்துக்கும் நடுவில் இன்னொரு சிறிய குழலைப் பொருத்திவிடுகிறார்கள். பம்புப் பக்கத்திலிருந்து வரும் கசிவு இரண்டு குழல்களைக் கடக்க வேண்டும். மாதிரியிலிருந்து வருவது ஒன்றை மட்டும் கடந்தால் போதும். ஆகவே மாதிரியின் முகடு முதலில் கூராக எழுந்து முடிய, கருவியின் கசிவு சற்றுத் தள்ளி, அகன்று தாழ்ந்த மேடாகப் பின்னால் வருகிறது. அசுத்தத்தை முழுவதும் ஒழிக்க முடியாதபோது, அதையும் மாதிரியிலிருந்து பிரித்து நிறுத்திவிடுவது. அந்த இரண்டு முகடுகளும் விலகி நிற்பதைத் திரையில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இந்த யோசனையைக் கண்டவர்கள் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

இனி, ஒன்றை மற்றொன்றாக மயங்குவது. நீரிழிவுக்கான மெட்பார்மினிலும் என்டிஎம்ஏ இருக்கிறது என்று 2020-ல் ஒரு தனியார் ஆய்வகம் அறிவித்தது. சோதித்த 38 மாதிரிகளில் 16 வரம்பைத் தாண்டியதாக அதன் முடிவு. நம்மூரில் வீட்டுக்கு ஒருவராவது சாப்பிடும் மாத்திரை என்பதால் அந்தச் செய்தி எவ்வளவு கலக்கத்தை உண்டாக்கியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்க நிர்வாகத்தின் ஆய்வகம் அதே 38 மாதிரிகளை ஆராய்ந்தபோது வரம்பைத் தாண்டியவை 8 மட்டுமே. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் டிஎம்எஃப் என்ற கரைப்பானின் மிச்சம். நிறை நிறமாலைமானியின் நிறை அளவுகோலில் என்டிஎம்ஏ 75.0553 என்ற இடத்தில் தெரியும். டிஎம்எஃப் 74-ல் தெரிய வேண்டியது. ஆனால் இயற்கையில் நைட்ரஜன் அணுக்களில் ஒரு சிறு பங்கு 15 நிறை உடையவை என்பதால், அத்தகைய அணுவைக் கொண்ட டிஎம்எஃப் மூலக்கூறுகள் 75.0571-ல் தெரியும். இரண்டுக்கும் இடையே 0.002-கூட இல்லை. டிஎம்எஃப் ஏராளமாக இருந்து, கருவியின் பகுதிறனைப் போதிய அளவு கூர்மையாக வைக்காமல், குழலிலும் இரண்டையும் பிரிக்காமல் விட்டால், கரைப்பானின் மிச்சம் நஞ்சின் கணக்கில் ஏறிவிடும்.

2005-ல் சந்தைக்கு வந்த ஆர்பிட்ராப் போன்ற கருவிகள் இத்தகைய நுண்ணிய வேறுபாட்டையும் பகுத்துக் காட்டும் வல்லமை உடையவை. அலெக்சாண்டர் மகாரொவின் அந்தக் கண்டுபிடிப்பு எங்கள் துறையையே மாற்றியமைத்தது. என்றாலும் நிறைமானி நன்றாக இருக்கிறதே, பிரிப்பில் ஏன் நேரத்தைச் செலவிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மெட்பார்மின் நிகழ்வைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன். குழலில் அரை நிமிடம் தள்ளிப் பிரித்துவிட்டால், 0.002-க்காகப் போராட வேண்டிய தேவையே எழாது.

நானோ துகள்களைக் கண்டறியப் பயன்படுத்தும் முறைகளிலும் இதே கதைதான். கொரோனா காலத்தில் கோடிக்கணக்கானோர் வீட்டிலேயே பயன்படுத்திய சோதனைப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது உண்மையில் ஒரு வண்ணப்பிரிகைக் கருவி. நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு நிலையான நிலைமை. மூக்கிலிருந்து எடுத்த சளியைக் கரைத்த திரவம் நகரும் நிலைமை. பட்டையின் தொடக்கத்தில் உலர்ந்து கிடக்கும் தங்க நானோ துகள்கள், பெரும்பாலும் 20 முதல் 40 நானோமீட்டர் விட்டமுள்ளவை, எதிர்ப்பொருளைப் போர்த்தியிருக்கும். திரவம் ஊறி வந்ததும் அவை அதில் கலந்து, வைரசின் புரதம் இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு நகரும். சோதனைக் கோட்டில் நிற்கும் இன்னோர் எதிர்ப்பொருள் அவற்றைத் தடுத்து நிறுத்தும். தங்கம் அந்த அளவில் பச்சை ஒளியை, 520 நானோமீட்டர் அருகே, வலுவாக உறிஞ்சுவதால் கோடு சிவப்பாகத் தெரிகிறது. மைக்கேல் பாரடே 1857-லேயே ஆராய்ந்து வியந்த அதே மாணிக்கச் சிவப்பு.

இந்தப் பட்டையும் சில வேளைகளில் மறைக்கும். தேடும் புரதம் மிக மிக அதிகமாக இருந்தால், தங்கத் துகளிலுள்ள இடங்களையும் கோட்டிலுள்ள இடங்களையும் தனித்தனியே அது நிரப்பிவிடும். இரண்டையும் இணைக்கும் பாலம் அமையாமல் கோடு மங்கிவிடும். கர்ப்பச் சோதனைப் பட்டையிலும் இது நேர்வதுண்டு. நீர் சேர்த்து மறுபடியும் சோதித்தால் கோடு பளிச்சென்று தெரியும் என்பதை மருத்துவ ஆய்வகத்தில் பணிபுரிபவர்கள் அறிவார்கள்.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-ல் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு மிகவும் மங்கலானது. 1970-களில் சொரசொரப்பான வெள்ளிப் பரப்பில் அது பல்லாயிரம் மடங்கு பெருகுவது தெரியவந்தது. 1997-ல் ஒற்றை மூலக்கூறையே இவ்வழியில் கண்டதாக இரண்டு குழுக்கள் அறிவித்தன. ஆனால் அந்தப் பெருக்கம் இரண்டு வெள்ளித் துகள்களுக்கு இடையிலுள்ள சில நானோமீட்டர் இடுக்கில்தான் உச்சம் பெறுகிறது. கலவையில் பல பொருள்கள் இருந்தால், வெள்ளியோடு எது நன்றாக ஒட்டுகிறதோ அது மட்டும் உரக்கப் பேசும். மற்றவை அங்கே இருந்தும் தெரியாது. எனவே மூலிகை மருந்து என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் கலந்த செயற்கை மருந்துகளைத் தேடும் ஆய்வாளர்கள், முதலில் மெல்லிய தூள் படலம் பூசிய மெல்லடுக்குத் தட்டில் பொருள்களைப் பிரித்து, பிறகு ஒவ்வொரு புள்ளியின் மேலும் வெள்ளிக் கூழ்மத்தைச் சொட்டி ராமன் நிறமாலையை எடுக்கிறார்கள். ஸ்வெட்டின் பிரிப்பும் ராமனின் ஒளியும் நானோ வெள்ளியும் ஒரே தட்டில் சேரும் இந்த முறையை நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்கள் இன்னும் அதிகமாகக் கையாள வேண்டும் என்பது என் விருப்பம்.

சென்னை ஐஐடியில் பிரதீப் குழுவினர் 2003-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தங்க, வெள்ளி நானோ துகள்கள் நீரிலுள்ள எண்டோசல்பான் போன்ற பூச்சிக்கொல்லிகளைப் பிடித்துக்கொள்வதைக் காட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக வீட்டுக் குடிநீர் வடிகட்டிகளுக்கும் அந்தத் தொழில்நுட்பம் சென்றது. காசர்கோடு முந்திரித் தோப்புகளில் எண்டோசல்பான் தெளித்ததன் விளைவுகளை அறிந்த நமக்கு இது சிறிய செய்தி அன்று.

இவ்வளவு நுட்பங்களையும் எழுதிவிட்டு, ஒன்றைச் சொல்லாமல் முடிக்க என்னால் இயலாது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அம்மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு அரசின் ஆய்வகம் அதில் கண்ட டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பானின் அளவு 48.6 விழுக்காடு. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 விழுக்காடு. இது புதிய நஞ்சு அன்று. 1937-ல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோர், 1972-ல் இதே சென்னையில் குழந்தைகள், 1986-ல் மும்பை மருத்துவமனையில், 2020-ல் ஜம்முவில், 2022-ல் காம்பியாவில் என்று இதே பொருள் திரும்பத் திரும்ப உயிர்களைப் பறித்திருக்கிறது.

வரம்பைப்போல ஏறக்குறைய ஐந்நூறு மடங்கு இருக்கும் ஒரு பொருளைக் காண நானோகிராம் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் பொருத்தமான கருவி வேண்டும். மருந்துத் தொழிற்சாலைகளில் எங்கும் காணப்படும் திரவ வண்ணப்பிரிகைக் கருவிகள் பெரும்பாலும் புறஊதா ஒளியால் பொருள்களைக் காண்பவை. டைஎத்திலீன் கிளைக்கால் அந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. ஆகவே அந்த மருந்தைச் செலுத்தினால், உள்ளே உள்ள இருமல் மருந்தின் முகடுகள் சரியான நேரத்தில், சரியான உயரத்தில், மிகச் சீராக எழும். அடிக்கோடு தட்டையாக இருக்கும். மருந்தின் அளவு நூறு விழுக்காடு என்று அறிக்கையும் வரும். திரவத்தின் பாதி நஞ்சாக இருப்பதற்கு அந்தப் படத்தில் சிறு அடையாளம்கூட இருக்காது. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது. ஏனெனில் அவ்வளவு அழகான படங்களை நானும் நாள்தோறும் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

அந்த நஞ்சைக் காட்டுவது, பொருளைச் சுடரில் எரித்துக் கண்டறியும் சுடர் அயனியாக்க உணர்கருவி பொருத்திய சாதாரண வாயு வண்ணப்பிரிகை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரிகளில்கூட இருக்கும் கருவி அது. அதுவும் இல்லாத இடங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் இரண்டு படிகள் கொண்ட ஒரு முறையை வகுத்திருக்கிறது: முதல் படி சிலிக்கா தடவிய மெல்லடுக்குத் தட்டு, அதில் ஐயம் எழுந்தால் இரண்டாம் படி வாயு வண்ணப்பிரிகை. தட்டின் அடியில் மருந்தையும், பக்கத்தில் வரம்பு அளவுள்ள டைஎத்திலீன் கிளைக்கால் கரைசலையும் புள்ளியாக வைத்து, மூடிய கண்ணாடித் தொட்டியில் சிறிதளவு கரைப்பானில் நிறுத்தினால் கரைப்பான் தானாக மேலேறும். உலர்த்தி நிறமூட்டினால் புள்ளிகள் எழும். இரண்டு புள்ளிகளும் ஒரே உயரத்தில் நின்று, மருந்தின் புள்ளி மற்றதைவிட அடர்த்தியாக இருந்தால் அந்த மருந்து வெளியே போகக் கூடாது. சிரப்பின் அடிப்படைத் திரவங்களான, இந்த நஞ்சு கலந்து வரக்கூடிய கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் வந்திறங்கும் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் மாதிரி எடுத்து, உற்பத்திக்குள் போவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். விற்றவர் கொடுத்த சான்றிதழைக் கோப்பில் வைத்துக்கொண்டு இதைத் தவிர்க்கக் கூடாது. தட்டுக்கும் கரைப்பானுக்கும் ஆகும் செலவு, சிறு நிறுவனம் ஒன்றின் ஒரு நாள் மின்கட்டணத்தைக்கூடத் தொடாது. சிரப் தயாரிக்கும் எந்த நிறுவனத்தின் உரிமத்தையும் புதுப்பிக்கும் முன், இந்தத் தட்டுகளின் பதிவுகளை, பீப்பாய் எண்களோடு ஒப்பிட்டு, ஆய்வாளர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்.